அறுவைச் சிகிச்சைக்குப் பின் நாயைப் பேணுதலும் புண்ணை நக்காமல் தடுத்தலும்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாயை, தையல் பிரிக்கும் நாள் வரை தொற்று இல்லாமலும் தையல் விட்டுப்போகாமலும் பார்த்துக்கொள்வதே அறுவைக்குப் பிந்தைய பேணுதல் ஆகும். மருத்துவரின் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வரும் 10 முதல் 14 நாட்கள் வீட்டாரின் கையில் இருக்கின்றன. இந்த நாட்களில் நேரும் சிக்கல்களில் பெரும்பங்கு நாயின் நாக்கினாலும் முன்பற்களினாலும் வருபவை. இக்கட்டுரை ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம் கரையோரத்தில் நாய் வளர்ப்போரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ஆயினும் இதில் உள்ளவற்றில் பெரும்பாலானவை எவ்வூருக்கும் பொருந்தும்.

எந்தெந்த அறுவைகள்

வீட்டு நாய்களுக்கு மிகுதியாகச் செய்யப்படுவது கருத்தடை அறுவை. பெண் நாய்க்குக் கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்படும். ஆண் நாய்க்கு விதைகள் எடுக்கப்படும். கருத்தடை செய்யாத, நடுவயது கடந்த பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்வது உண்டு. அப்போது அறுவை தவிர்க்க முடியாததாகிவிடும். இவை தவிர, கட்டி நீக்குதல், நெடுஞ்சாலையில் அடிபட்டு வரும் எலும்பு முறிவு ஆகியவை உண்டு. எங்கள் கரையோரத்துக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. இரை கோத்த தூண்டில் முள்ளை நரம்போடு சேர்த்து நாய் விழுங்கிவிடும். கடற்கரையில் கிடக்கும் பழைய நரம்பையும் வலைத்துண்டையும் அப்புறப்படுத்தினாலே சில நாய்களின் வயிறு பிழைக்கும்.

அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, உண்ணிகள் பற்றியது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்க்கு இரத்தத் தட்டுகள் குறைந்திருக்கும். அறுவையின்போது இரத்தம் உறையாமல் கசியும். இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மற்றொன்று, நாயின் இனம். கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஒல்லியான வேட்டை நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் சில வகை மயக்க மருந்துகள் அவற்றின் உடலை விட்டு நீங்கக் கூடுதல் நேரம் ஆகும். வீட்டில் பார்க்கும்போது "இன்னும் எழுந்திருக்கவில்லையே" என்ற கவலை இந்த இனங்களுக்கே அதிகம் வருகிறது.

தள்ளிப்போடக்கூடிய அறுவையாக இருந்தால், வீட்டில் ஆள் இருக்கும் நாட்களைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதானது. வெயில் கடுமைதான். ஆனால் நாயை நாள் முழுவதும் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பது அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

முதல் இரவு

மயக்கம் முழுவதும் தெளிய 12 முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். அந்த நேரத்தில் நாய் தள்ளாடும், முனகும், நம்மைக் கண்டும் காணாதது போல் இருக்கும். முனகல் எல்லாமே வலி அல்ல. மயக்கம் தெளியும் குழப்பமும் அதில் உண்டு. தரையில் மடித்த பருத்திப் போர்வை விரித்து, கழுத்து நீட்டியபடி படுக்க வைக்க வேண்டும். கட்டில், திண்ணை, மாடிப்படி ஆகியவற்றின் அருகே விடக்கூடாது. மயக்க மருந்து உடல் வெப்பத்தைக் குறைக்கும். ஆகவே புழுக்கமான ஊர்தானே என்று மின்விசிறியை நேராக நாயின் மேல் திருப்பிவிட வேண்டாம்.

தெளிவாக நிற்கத் தொடங்கிய பிறகே தண்ணீர் தரலாம். அதுவும் இரண்டு மூன்று வாய் மட்டும். வாந்தி வராவிட்டால் சிறிது நேரம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். உணவு வழக்கத்தில் பாதி போதும். குழைய வடித்த சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியும் நல்லது. முள் எடுத்த மீனும் தரலாம். மலம் இரண்டு மூன்று நாள் வராமல் இருப்பது இயல்பு. ஏனெனில் அறுவைக்கு முன் பட்டினி போட்டிருப்பார்கள். சிறுநீர் மட்டும் ஒரு நாளுக்குள் போயாக வேண்டும்.

நாய் நக்கினால் புண் ஆறுமா?

"நாய்க்கு நாக்குதான் மருந்து" என்று நம் ஊரில் பலரும் சொல்வதுண்டு. இந்த நம்பிக்கையை முற்றிலும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஹார்ட், பவல் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், நாயின் உமிழ்நீர் ஈ.கோலை என்ற பாக்டீரியாவையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் என்ற பாக்டீரியாவையும் கொல்வதைக் கண்டனர். காட்டில் திரிந்த விலங்குக்கு, முள் கிழித்த காயத்தில் ஒட்டிய மண்ணை நாக்கால் துடைத்துக்கொள்வது பயனுள்ள பழக்கமாகவே இருந்திருக்கும்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகிய பாக்டீரியாக்களின் மீது அந்த உமிழ்நீர் குறிப்பிடத்தக்க அளவில் வேலை செய்யவில்லை. நாயின் தோல் புண்களில் சீழ் பிடிக்க வைப்பதில் முதலிடம் வகிப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைதான். அதோடு, நாயின் வாயில் பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. ஆக, நக்கும் நாக்கு சில கிருமிகளைக் கொன்று, வேறு சில கிருமிகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

கிருமியை விடவும் பெரிய கேடு இயல்பான உராய்வு. மருத்துவர் வெட்டித் தைத்த புண், முள் கிழித்த காயம் போன்றதன்று. அதன் இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் சில நாட்களில் அங்கே வீக்கமும் சிவப்பும் தோன்றும். பிறகு புதிய திசு வளர்ந்து இடைவெளியை நிரப்பும். மூன்று வாரம் ஆன பின்னும் அந்த இடத்தின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். முழுதும் ஆறிய வடுகூட முன்பிருந்த வலிமையில் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. இப்படிப்பட்ட இடத்தை ஈர நாக்கால் ஓயாமல் தேய்த்தால் தோல் ஊறி வெளுக்கும், விளிம்புகள் விலகும். நாய் நக்குவதோடு நிற்பதும் இல்லை. உண்ணியைக் கடித்து எடுப்பது போல முன்பற்களால் தையல் முடிச்சைக் கவ்வி இழுக்கும். ஐந்து நிமிடம் போதும்.

நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை கூடுதல் கவனம் தேவை. புண் ஆறத் தொடங்கும்போது அரிப்பு எடுக்கும். மழித்த முடியும் முளைக்கத் தொடங்கிக் குத்தும். வலி குறைந்து நாய் சுறுசுறுப்பாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவதும் அதே நாட்களில்தான்.

உமிழ்நீர் பற்றிப் பேசும்போது மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பில் உள்ள புண்ணையோ சிராய்ப்பையோ நாயை நக்க விடக்கூடாது. வெறிநோய் ஐயமுள்ள நாய் பிளவுபட்ட தோலை நக்கினால், உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அது மூன்றாம் வகை, அதாவது கடிபட்டதற்கு இணையான தொடர்பு. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கூம்புக் காலர்

நக்குவதைத் தடுக்க உலகெங்கும் பயன்படுவது, நாயின் கழுத்தில் புனல் போல மாட்டும் பிளாஸ்டிக் காலர். ஆங்கிலேய அரசி முதலாம் எலிசபெத்தின் காலத்தில் செல்வர்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புக் கழுத்துப்பட்டையைப் போல இருப்பதால் இதற்கு எலிசபெத் காலர் என்று பெயர் வந்தது. அவர் 1603-இல் மறைந்தார். நம் சேது நாட்டில் போகலூரைத் தலைநகராகக் கொண்டு சடைக்கன் சேதுபதி ஆட்சிக்கு வந்ததும் ஏறத்தாழ அதே காலம். கடைகளில் "கோன்" என்று கேட்டாலே தருவார்கள்.

சரியான காலரின் விளிம்பு நாயின் மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் காலருக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் நாய் முன்காலால் தள்ளிக் கழற்றிவிடும். இங்கே இனத்திற்கு இனம் வேறுபாடு உண்டு. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் தலை குறுகியது, கழுத்தும் ஏறக்குறைய தலை அளவே இருக்கும். ஆகவே காலர் வழுக்கி வந்துவிடும். உள்விளிம்பில் உள்ள துளைகளில் துணி நாடாவைக் கோத்து, நாயின் கழுத்துப்பட்டையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய ராமநாதபுரம் மண்டை நாய்க்கோ அகன்ற தலை, தடித்த கழுத்து. அதற்குக் கடையில் இருப்பதிலேயே பெரிய அளவு வேண்டும். நாயைக் கையோடு அழைத்துச் சென்று அளவு பார்த்து வாங்குவதே மேல்.

காலர் மாட்டிய முதல் நாள் நாய் கதவு நிலையில் முட்டும், பின்னோக்கி நடக்கும், ஓரிடத்தில் சிலை போல நிற்கும். ஒன்றிரண்டு நாளில் பழகிவிடும். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைக்காமல் ஒரு செங்கல் மேல் வைத்தால், காலர் தட்டைச் சுற்றி அமர்ந்து நாயால் தானே உண்ண முடியும். தண்ணீருக்கும் அப்படியே. நாள்தோறும் காலரின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வியர்வை ஈரம் மிகுந்த எங்கள் ஊர்க் காற்றில் சோறும் எச்சிலும் ஒட்டிய பிளாஸ்டிக் ஒரே நாளில் நாறிவிடும்.

எங்கள் தெருவில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவரின் பெண் நாய்க்குக் கருப்பைச் சீழுக்காக அறுவை நடந்தது. ஆறாம் நாள் இரவு, "பாவம் சார், படுக்க முடியாம தவிக்குது, ராத்திரிக்கு மட்டும் கழட்டி வச்சோம்" என்று அவர் வீட்டில் காலரை எடுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று தையல்கள் இல்லை. உள்தையல் பிடித்திருந்ததால் குடல் வெளியே வரவில்லை. மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், மறுபடி பதினான்கு நாள். கடலில் கிடைத்த ஒரு வாரச் சம்பாத்தியம் அதில் போயிற்று. நாய் பிழைத்துக்கொண்டது. காலர் தோற்பதில்லை, நம் இரக்கம்தான் அதைத் தோற்கடிக்கிறது. அதிலும் இரவு நேரத்தில், வீடு அடங்கிய பிறகு, நாய்க்கு நக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை.

காலர் கிடைக்காதபோது

ராமேசுவரத் தீவிலிருந்து ராமநாதபுரம் நகருக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். நினைத்தவுடன் போய் வாங்கிவர எல்லாராலும் இயலாது. வீட்டில் உள்ளதை வைத்துச் சமாளிக்கும் வழிகள் சில உண்டு.

வயிற்றுப் புண்ணுக்குப் பழைய பருத்தி டி-சர்ட் நன்றாக உதவும். கழுத்து வழியே தலையையும், கைகள் வழியே முன்கால்களையும் விட்டு, மீதித் துணியை இடுப்புக்கு மேலே இழுத்து முடிச்சுப் போட வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது பின்பக்கத்தைச் சுருட்டிவிட வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஈரத்துணி புண்ணின் மேல் கிடப்பது நக்குவதற்குச் சமம். பழைய வேட்டியின் இருபுறமும் பல நாடாக்களாகக் கிழித்து, நடுப்பகுதியை வயிற்றில் வைத்து முதுகில் முடிச்சிடும் பல்வால் கட்டும் இதே வேலையைச் செய்யும். கால் புண்ணுக்கு இவை உதவா, காலர்தான் வேண்டும்.

சிறிய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டித் தலையில் மாட்டுவோரும் உண்டு. வெட்டிய விளிம்பில் துணி சுற்றித் தைத்தால் பிழையில்லை. பனையோலைப் பெட்டியை வெட்டி மாட்டிப் பார்த்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஓலையின் ஓரம் கழுத்தை அறுக்கும், தவிர நாய் அதை மென்று துப்பிவிடும்.

சூடடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடை கட்டுவது போல நாய்க்கும் வாயைக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். கூடாது. மாட்டுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாயோ பெரும்பாலும் வாய் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியே உடம்பின் சூட்டைத் தணிக்கிறது. வாயை இறுகக் கட்டினால், ராமநாதபுரத்துக் கோடையில் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகும்.

விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவும் பழக்கத்தை நாய்ப் புண்ணுக்கும் நீட்டிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கசப்பை நாய்கள் பல பொருட்படுத்துவதே இல்லை. எண்ணெய் தையலில் இறங்கித் தூசியை இழுக்கும். வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும். மிளகாய்ப்பொடி தடவுவதைக் கொடுமை என்றே சொல்ல வேண்டும்.

கடற்கரையின் தொல்லைகள்: ஈ, மணல், உப்பு நீர்

கருவாடு காயும் ஊரில் ஈக்குப் பஞ்சமில்லை. திறந்த, கசிகிற புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவரும். சில ஈ வகைகளின் புழுக்கள் உயிருள்ள தசையையே குடைந்து உண்பவை. ஆதலால் நாயை மீன் உலர்த்தும் இடத்திற்கு அப்பால், வலை அடித்த சன்னலோ கொசுவலையோ உள்ள இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஈ விரட்டும் தெளிப்பான்கள் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கும். தைத்த புண்ணில் அவற்றைப் பயன்படுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். புழு வைத்துவிட்டால் கற்பூரமும் டர்பன்டைனும் ஊற்றுவது ஊர் வழக்கம். இரண்டும் நக்கும் நாயின் வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். படுக்கும் இடத்தைப் பினாயில் போட்டுக் கழுவுவதும் அப்படியே. வெந்நீரில் அலசி வெயிலில் காய்ந்த துணியே போதுமான சுத்தம்.

"கடல் தண்ணியில ஒரு முக்கு முக்கினா புண் ஆறிடும்" என்பது கரையோரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. உப்பு நீர் கிருமியை அடக்கும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. மருத்துவமனையில் புண் கழுவும் உப்பு நீர் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கியது, அதன் உப்பு 0.9 விழுக்காடு. கடல் நீரின் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. அதில் விப்ரியோ போன்ற கிருமிகள் இயல்பாகவே வாழ்கின்றன. கரையோரம் சாக்கடையும் மீன்கழிவும் கலப்பதைச் சொல்லவே வேண்டாம். தையல் பிரித்து இரண்டு மூன்று நாள் ஆகும் வரை கடலும் வேண்டாம், குளிப்பாட்டலும் வேண்டாம். மணலில் புரள விடவும் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறு ஒட்டினால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியால் புண்ணைச் சுற்றி ஒற்றி எடுத்தால் போதும்.

மஞ்சள்தூள், சாம்பல், காப்பித்தூள், மண்ணெண்ணெய் என எதையும் தையலின் மேல் வைக்க வேண்டியதில்லை. மஞ்சளுக்கு வீக்கம் குறைக்கும் குணம் உண்டு என்பது உண்மை. ஆயினும் அடுப்படி டப்பாவில் உள்ள தூள் கிருமி நீக்கப்பட்டது அல்ல. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் திசுவையும் சேர்த்து எரித்துவிடும். உலர்ந்து, மூடி, அமைதியாக இருக்கும் தையலைத் தொடாமல் விடுவதே அதற்குச் செய்யும் சிகிச்சை.

மருந்து

மருத்துவர் எழுதிய நுண்ணுயிர்க்கொல்லியை, நாய் தெளிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக்கூடாது. வலி மாத்திரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். நமக்கு வாங்கிய இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். நாய்க்கென்று வேறு வலி மருந்துகளும் எடைக்கேற்ற அளவுகளும் உண்டு. (கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பது இந்தியாவில் 2006-இலேயே தடை செய்யப்பட்டது. அது பிணந்தின்னிக் கழுகுகளைக் காக்க வந்த தடை, தனிக்கதை.) மாத்திரையைச் சிறிது தயிர்ச்சோற்றில் வைத்துக் கொடுக்கலாம். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலைகள்

முதல் இரண்டு நாள் சிறிது சிவப்பும் வீக்கமும் தோன்றுவது இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகு அது கூடினால் இயல்பன்று. சொட்டும் இரத்தம், மஞ்சளாகவோ பச்சையாகவோ கசிவு, நாற்றம், விலகிய விளிம்பு, வெளுத்த ஈறு, ஒரு நாளுக்கு மேல் உணவை மறுத்தல், ஓயாத வாந்தி ஆகியவை காத்திருக்கக் கூடாத அடையாளங்கள். வயிற்றுத் தையல் விட்டுக் குடல் வெளியே தெரிந்தால் கையால் உள்ளே தள்ளக் கூடாது. கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, பெரிய துண்டால் வயிற்றைச் சுற்றிக் கட்டி, நக்க விடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கால்நடைத் துறையின் நடமாடும் மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் 1962. எண்ணைக் கைப்பேசியில் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

தெரு நாய்கள்

விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாடு விதிகள் 2001-இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதிய விதிகள் வந்தன. இவற்றின்படி கருத்தடை செய்யப்பட்ட நாயின் காதில் சிறு வெட்டு அடையாளம் இருக்கும். அந்த நாய்க்குக் காலர் மாட்டிப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அதனால்தான் இத்தகைய அறுவைகளில் சிறிய வெட்டும், உடலே கரைத்துக்கொள்ளும் நூலால் தோலுக்கு அடியில் போடும் தையலும் விரும்பப்படுகின்றன. உங்கள் தெருவுக்கு அப்படி ஒரு நாய் திரும்பி வந்தால், ஒரு வாரம் சோறும் தண்ணீரும் நிழலும் கொடுங்கள். கல்லெறிந்து ஓட வைக்காதீர்கள். புண்ணில் சீழோ புழுவோ கண்டால் நீங்களே பிடிக்க முயலாமல், பிடிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

தையல் பிரித்த பின்

தோலில் போட்ட நைலான் தையலை 10 முதல் 14 நாளுக்குள் மருத்துவர் பிரிப்பார். கரையும் நூலாக இருந்தால் பிரிக்க வேண்டியதில்லை, ஆயினும் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. பிரித்த அன்றே காலரைத் தூக்கி எறிய வேண்டாம். ஊசி ஏறிய துளைகள் மூட ஓரிரு நாள் ஆகும். அதுவரை ஓட்டம், தாண்டல், மற்ற நாய்களோடு மல்லுக்கட்டல் எதுவும் இல்லாமல், கயிற்றில் பிடித்துச் சிறுநடை மட்டும் போதும். எலும்பு அறுவை என்றால் இந்தக் கட்டுப்பாடு 6 முதல் 8 வாரம் நீளும்.

தையல் பிரித்தும் சில நாய்கள் முன்காலின் ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும். முடி உதிர்ந்து தோல் தடித்துவிடும். சலிப்பும் கட்டிப்போட்ட வாழ்வும் இதற்கு முக்கியக் காரணங்கள். காலை, மாலை நடைக்கு அழைத்துச் செல்வதும், கொட்டாங்குச்சிக்குள் சோற்றை அடைத்துக் கொடுத்து நோண்டி எடுக்க விடுவதும் பலன் தரும். மழித்த இடத்தில் முடி முழுவதும் வளர மூன்று நான்கு மாதம் பிடிக்கும். சில நாய்களுக்கு அங்கே முளைக்கும் முடி பழைய நிறத்தை விடச் சற்று வேறுபட்டிருக்கும். அதற்கு மருந்து தேவையில்லை.